மஞ்சள் நாடாவுக்கு அந்தப் பக்கம்

ஹெம்லாக் கேப் உயர்நிலைப் பள்ளியின் 114ஆம் அறை வாசலில், தரையோடு தரையாக ஒரு மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. இரண்டு விரல் அகலம் இருக்கும். நாடாவுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் த்ரீ ரன்ஸ் சமுதாயக் கல்லூரியின் ஹெம்லாக் கேப் வளாகம். வளாகம் என்றதும் புல்வெளியும் நூலகமும் மணிக்கூண்டும் கண்ணில் வந்தால் வாசகர் அவற்றை அழித்துவிடலாம். வளாகத்தில் இருபத்திரண்டு மேசைகள், ஒரு பென்சில் சீவி, நின்றுபோன ஒரு கடிகாரம் ஆகியவை இருந்தன. தினமும் காலை 9:40 முதல் 10:30 வரை அது உயர்கல்வி நிறுவனம். மற்ற நேரத்தில் அதே அறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காற்புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

டார்லா குஸ்மாவுக்கு இந்த நாடாவைப் பற்றி முதலில் தெரிந்தது ஆகஸ்ட் மாதம், பள்ளியின் உள்விளையாட்டரங்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தில். டார்லா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பதினேழாம் எண் பேருந்து, பத்தொன்பது வருஷம், பென்சில்வேனியா மலைச் சாலை, பனி, சேறு. ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்ததில்லை. அவள் மகள் ப்ரென்னா பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் ஒன்றை முடித்துவிடலாம், இரண்டு பக்கமும் கணக்கில் ஏறும் என்று சொன்னதால் பெயர் கொடுத்திருந்தாள். பாடம், ஆங்கிலக் கட்டுரை.

அந்தப் பாடம் ப்ரென்னாவுக்கு வேண்டியிருந்தது. எட்டு வயதிலிருந்து கோழிக்கும் நாய்க்கும் கட்டுப் போட்டுப் பழகியவள் அவள். அரசு செவிலியர் கல்லூரி அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைக் கல்லூரி மட்டத்தில் முடித்ததற்கான தாள் ஜனவரி இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும்.

கூட்டத்துக்குக் கல்லூரியிலிருந்து வந்தவர் டாக்டர் செல்டன் ப்ரூட். அவருடைய பதவி, முன்கூட்டிய எதிர்காலங்கள் துறையின் தலைவர். அப்படித்தான் சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது.

"பெற்றோர்களே, இன்னைக்கு நீங்க ஒரு குழந்தையோட உள்ளே வந்தீங்க. வெளியே போகும்போது ஒரு பெரிய மனுஷரோட போவீங்க" என்று ஆரம்பித்தார் ப்ரூட். "எங்க கல்லூரியில உங்க பிள்ளை ஒரு முழுமையான, சுதந்திரமான தனிநபர். அவங்க மார்க், வருகை, ஏன், அவங்க இருக்காங்களா இல்லையாங்கறதைக்கூட உங்ககிட்ட சொல்ல மாட்டோம். அந்த அளவுக்கு அவங்களை மதிக்கறோம்."

டார்லா கை தூக்கினாள். "சார், சாயங்காலம் மூணு மணிக்கு அவ என் பஸ்லதானே வீட்டுக்கு வருவா?"

"அப்போ அவங்க உங்க குழந்தை. அதுல நாங்க தலையிட மாட்டோம்" என்றார் ப்ரூட் பெருந்தன்மையாக.

பிறகு ஒப்படைப்புச் சடங்கு. இலை வடிவத்தில் வெட்டிய காகிதத்தில் பெற்றோர் தம் பிள்ளையின் பெயரை எழுதி ஓர் அட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டியின் மேல் 'விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருந்தது. அறுவை மில்லில் வேலை செய்கிற ஒருவர், பெட்டிக்குள் போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டார். ப்ரூட் பெட்டிக்கு மூடி போட்டார். அடுத்தது விண்ணப்பம். முன்பக்கம் பள்ளியுடையது: பெற்றோர் கையெழுத்து இல்லாவிட்டால் செல்லாது. பின்பக்கம் கல்லூரியுடையது: பெற்றோர் கையெழுத்து இருந்தால் செல்லாது. டார்லா அழுத்தி எழுதுகிறவள். அவள் கையெழுத்தின் தடம் பின்பக்கம் தெரிந்ததால் ப்ரென்னாவுக்கு வேறு தாள் கொடுக்க வேண்டியதாயிற்று.

போகும்போது புகைப்படக்காரர் ஒருவர் ப்ரென்னாவை நிறுத்தினார். பல்வரிசை நன்றாக இருக்கிறதாம். இரண்டு வாரத்தில் பதினேழாம் எண் பேருந்தின் பக்கவாட்டில், ஜன்னலுக்குக் கீழே, ஆளுயரத்துக்கு ப்ரென்னாவின் முகம் ஒட்டப்பட்டது. தலையில் பட்டமளிப்புத் தொப்பி. பக்கத்தில் ஒரு முழ எழுத்தில்: 'நான் ஏற்கெனவே கல்லூரியில் இருக்கிறேன்!'

"அம்மா, என் மூக்கு டயர் சைஸ்ல இருக்கு" என்றாள் ப்ரென்னா.

"இருந்தா என்னடி? என் பஸ்ஸுக்கு இப்பதான் களை வந்திருக்கு" என்றாள் டார்லா. சொல்லிவிட்டு, படத்தின் மேல் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தாள். குஸ்மா குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் அதுவரை கிடையாது. மிதிக்கிற அளவுக்கு வாசல் இருந்ததா என்பது வேறு விஷயம்.

பாடம் எடுத்தவர் க்ளென் ஹோஸ்டெட்லர். அதே பள்ளியில் இருபத்தாறு வருஷமாக ஆங்கிலம் கற்பிக்கிறவர், டார்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவர், நல்ல மனுஷர். மூன்றாம் பீரியடில் மட்டும் அவர் பேராசிரியர். இரண்டு அடையாளங்களும் கலந்துவிடக் கூடாது என்று கல்லூரி எழுத்தில் கேட்டுக்கொண்டதால், நாடாவைத் தாண்டுவதற்கு முன் கழுத்தில் டை கட்டுவார். தாண்டி வெளியே வந்ததும் அவிழ்ப்பார். இரண்டாம் பீரியடில் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பற்றி யாராவது மூன்றாம் பீரியடில் கேட்டால், "அதை அவர்கிட்ட கேளு" என்பார், வராந்தாவைக் காட்டி.

பிள்ளைகள் பள்ளி நேரத்தில் கழிப்பறைக்குப் போக, மரத்தால் செய்த அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கல்லூரி நேரத்தில் அவர்கள் பெரிய மனிதர்கள், அனுமதி தேவையில்லை; எழுந்து போகலாம். ஆனால் கழிப்பறை நாடாவுக்கு இந்தப் பக்கம் இருந்தது. சீட்டு இல்லாமல் வராந்தாவில் காலை வைத்த மறுநொடியே காவலர் பிடித்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே ஏழு பெரிய மனிதர்கள் பள்ளி முடிந்த பின் தண்டனையாக உட்காரவைக்கப்பட்டார்கள்.

அக்டோபரில் ஒரு நாள் 9:55க்குத் தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. பள்ளி முழுக்க மைதானத்துக்கு ஓடியது. கல்லூரியின் நாட்காட்டியில் அன்று ஒத்திகை இல்லை. ஹோஸ்டெட்லர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பள்ளி முதல்வர் கீஃபர் வாசலுக்கு ஓடிவந்தார். நாடாவைக் கண்டதும் பிரேக் போட்டு நின்றார்.

"க்ளென்! பிள்ளைங்களை வெளியே கொண்டுவா!"

"சார், இப்போ இவங்க உங்க பிள்ளைங்க இல்ல."

"நெருப்புக்கு அது தெரியுமாய்யா?"

"கல்லூரிக்கு நெருப்பு வைக்கணும்னா நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னாடி தகவல் கொடுக்கணுமாம்" என்று விதியைப் படித்துக் காட்டினார் ஹோஸ்டெட்லர். இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்த இடத்திலேயே உவமையைப் பற்றிப் படித்தார்கள். அன்று நிஜத் தீ இல்லாதது அதிர்ஷ்டம். மைதானத்தில் எடுத்த வருகைப் பதிவில், பள்ளிக் கணக்குப்படி இருபத்திரண்டு பேர் கருகியவர்கள்.

இதெல்லாம் டார்லாவுக்கு மாலைப் பேருந்தில் சிரிப்புக் கதைகளாக வந்து சேர்ந்தன. ப்ரென்னா ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். சிரிப்பு நவம்பர் கடைசி வரை நீடித்தது.

நவம்பரின் நன்றி நவிலல் திருநாள் முடிந்து வரும் திங்கட்கிழமை ஹெம்லாக் கேப்பில் பள்ளிக்கூடம் கிடையாது. மான் வேட்டைக் காலத்தின் முதல் திங்கள். வேட்டை தொடங்கும் நாளை அரசாங்கம் சனிக்கிழமைக்கு மாற்றி வருஷங்கள் ஆகிவிட்டன. ஊர் மாற்றிக்கொள்ளவில்லை. திறந்தால் மட்டும் யார் வரப்போகிறார்கள்? முதல்வர் கீஃபரே அன்று வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிற மேலங்கியில்தான் இருப்பார். ஆனால் த்ரீ ரன்ஸ் கல்லூரியின் தலைமையகம் எழுபது மைலுக்கு அப்பால் நகரத்தில். அங்கே மானைப் பார்த்தவர்கள் காரில் அடிபட்டதைத்தான் பார்த்திருப்பார்கள். அவர்கள் தயாரித்த பாடத்திட்டத்தில் அந்தத் திங்கட்கிழமைதான் மாணவர்கள் ஒவ்வொருவரும் பேச வேண்டிய இறுதிச் சொற்பொழிவு. அன்று வராதவருக்குப் பாடம் தோல்வி. தேதியை மாற்றப் பேராசிரியருக்கு அதிகாரம் இல்லை.

ஹோஸ்டெட்லருக்கு ஊர் தெரியும். அதனால் அந்தச் சொற்பொழிவுகளை முந்தின செவ்வாயும் புதனுமாக முடித்துவிட்டார். ப்ரென்னா பேசியது மாவட்ட மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மூடியதைப் பற்றி. வழியில் காருக்குள்ளேயே பிள்ளை பெற்ற நான்கு பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, எழுதியிருந்தாள். ஹோஸ்டெட்லர் டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏ தரம் போட்டார்.

திங்கட்கிழமை விடிகாலை டார்லாவே மகளை எழுப்பிக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். "பரீட்சை படிப்புன்னு சும்மா மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்காதே, வா." எட்டு முனைக் கொம்போடு ஓர் ஆண்மான் டார்லாவுக்குக் கிடைத்தது. வருஷத்திலேயே சந்தோஷமான நாள் அது.

அதே நேரம், காலை 9:40க்கு, பூட்டிய பள்ளியின் 114ஆம் அறையில், ஆளில்லா இருட்டில், கல்லூரியின் வருகைப் பதிவு இயந்திரம் தானாக விழித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் காத்தது. பிறகு இருபத்திரண்டு மாணவர்களையும் வரவில்லை என்று குறித்தது. பேராசிரியரையும் குறித்தது. ஏ எல்லாவற்றையும் எஃப் ஆக்கிவிட்டு மறுபடி தூங்கப்போயிற்று.

எஃப் என்றால் தோல்வி. அதுவும் ஆயுளுக்கும் அழியாத கல்லூரிப் பதிவேட்டில். தகவல் அன்று மாலையே ப்ரென்னாவுக்கு மின்னஞ்சலில் வந்துவிட்டது.

"நான்தானே உன்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன்" என்று டார்லா அன்றிரவு சமையலறையில் திரும்பத் திரும்பச் சொன்னாள். மான்கறி வதங்கிக் கருகியதைக் கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் இருந்த பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"ப்ரென்னா குஸ்மாவோட அம்மா பேசறேன். அவ மார்க்கைப் பத்தி—"

"மன்னிக்கணும்மா. அப்படி ஒரு மாணவி இருக்காங்கன்னும் எங்களால சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"அவ மூஞ்சிய என் பஸ்ல ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கீங்களேம்மா!"

"அது விளம்பரத் துறை. நான் பதிவுத் துறை."

சரி, மாணவியே பேசட்டும் என்று ப்ரென்னா பேசினாள். அவளுக்குப் பதினேழு வயது. புகார் கொடுக்க வேண்டுமானால் பாதுகாவலர் இணைப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். டார்லா இன்னொரு அறையில் இன்னொரு தொலைபேசியை எடுத்தாள். பாதுகாவலர் கேட்கக் கூடாத விவரங்கள் வருவதால் அவர் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்றார்கள். டார்லா வைத்தாள். பாதுகாவலர் இணைப்பில் இல்லாததால் புகாரை ஏற்க முடியாது என்றார்கள். டார்லா எடுத்தாள். இப்படியே நாற்பது நிமிஷம். கடைசியில் டார்லா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொள்வதாக வாக்குறுதி கொடுத்ததும் புகார் பதிவாயிற்று.

விசாரணை டிசம்பர் நடுவில், 114ஆம் அறையில். மைனர் என்பதால் பாதுகாவலர் வந்தே ஆக வேண்டும். மாணவி தனிநபர் என்பதால் பாதுகாவலர் வளாகத்துக்குள் வரக் கூடாது. ஆகவே டார்லாவுக்கு வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டார்கள். அதன் முன்கால்கள் நாடாவைத் தொட்டுக்கொண்டு நின்றன. உள்ளே ப்ரூட்டும், இரண்டு நாற்காலிகளோடு ஹோஸ்டெட்லரும். ஒரு நாற்காலியில் 'பேராசிரியர்', இன்னொன்றில் 'ஆசிரியர்' என்று அட்டை தொங்கியது.

"பேராசிரியர் ஹோஸ்டெட்லர், திங்கட்கிழமை ஏன் வகுப்புக்கு வரலை?" என்று கேட்டார் ப்ரூட்.

"பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது சார்."

"பூட்டியிருந்ததுன்னு எப்படித் தெரியும்? வந்து பார்த்தீங்களா?"

"இல்ல சார். மான் வேட்டைக்கு மரத்துமேல உக்காந்திருந்தேன்."

"மரத்துமேல இருந்தது யாரு? ஆசிரியரா, பேராசிரியரா?"

ஹோஸ்டெட்லர் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே மரத்துலதான் இருந்தோம் சார்."

"குறிச்சுக்கறேன்" என்றார் ப்ரூட்.

"சார், எல்லாரும் புதன்கிழமைக்குள்ள பேசி முடிச்சிட்டாங்க. இந்தப் பொண்ணு பேசினதை நீங்க கேட்டிருக்கணும்" என்றார் ஹோஸ்டெட்லர்.

"பேராசிரியரே, கற்றல்ங்கறது எப்ப வேணா நடக்கலாம். அதை யாரும் தடுக்க முடியாது, அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. கல்லூரி எதுக்கு இருக்கு? அந்தக் கற்றலைச் சரியான தேதியில நடந்ததாப் பதிவு பண்ணத்தான். தேதியை எடுத்துட்டா எங்களுக்கும் ஒரு நல்ல நூலகத்துக்கும் என்ன வித்தியாசம்?" ப்ரூட் தன் பேச்சைத் தானே ரசித்துத் தலையாட்டினார். "ஆனாலும் நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. யோசிச்சுப் பார்த்தோம். பேராசிரியரே வரலைன்னா அன்னைக்கு வகுப்பே நடக்கலை. நடக்காத வகுப்புக்கு வரலைன்னு யாரையும் தண்டிக்க முடியாது. ஆகவே, ப்ரென்னா, உங்க எஃப் ரத்து!"

வராந்தாவில் டார்லா எழுந்தே விட்டாள். "ரொம்ப நன்றி சார்!"

"பாதுகாவலர் காதுல பஞ்சு இருக்கறதா நினைச்சேன்" என்றார் ப்ரூட், வேறு எங்கோ பார்த்து. "நான் இன்னும் பேசி முடிக்கலை. அந்த வகுப்பு நடக்கலைங்கறதால மொத்தம் நாற்பத்து நாலு மணி நேரம்தான் ஆச்சு. அங்கீகாரக் குழு விதிப்படி நாற்பத்தஞ்சு மணி நேரம் நடந்தாத்தான் அது பாடம். நாற்பத்து நாலு மணி நேரம் நடந்தா அது பாடம் இல்ல, பேச்சு. ஆகவே இந்தப் பாடம் நடக்கவே இல்லை. இருபத்திரண்டு பேரும் எங்க கல்லூரியில எப்பவுமே இருந்ததில்லை. பதிவேடு சுத்தமாயிடும். வாழ்த்துகள்!"

ப்ரென்னா எழுந்து நின்றாள். "அப்போ நான் எழுதின கட்டுரைங்க? பேசினது?"

"உங்க சொந்த ஆர்வத்துல செஞ்சது. மனசாரப் பாராட்டறோம்."

"எனக்கு ஒரு தாள் வேணும் சார். ஆங்கிலக் கட்டுரை முடிச்சேன்னு. இல்லைன்னா நர்சிங் சீட்டு போயிடும்."

"நடக்காத பாடத்துக்கு, இல்லாத மாணவிக்கு, எப்படிம்மா தாள் கொடுக்கறது? அது மோசடி ஆயிடாது?" என்றார் ப்ரூட் மிக மென்மையாக. அவருக்கு மோசடி என்றால் ஆகாது.

அன்று மாலை ப்ரென்னா பேருந்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டே வந்தாள். டார்லா கண்ணாடியில் பார்த்தாள். வெளியே, அதே பேருந்தின் பக்கவாட்டில், அதே பெண் தொப்பி போட்டுக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே ஊர்வலம் போனாள். டார்லாவுக்கு எரிந்த எரிச்சலில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை; வண்டியில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள்.

மறுநாள் படத்தை எடுத்துவிடச் சொல்லி விளம்பரத் துறைக்குப் பேசினாள்.

"படத்துல இருக்கற மாணவி எழுதிக் கேட்டாத்தான் எடுப்போம்" என்றார்கள்.

"சரி, அவளே எழுதித் தருவா."

"பேரு?... ப்ரென்னா குஸ்மாவா? அப்படி ஒரு மாணவி எங்ககிட்ட இல்லவே இல்லையேம்மா."

கிறிஸ்துமஸ் விடுமுறையின் இரண்டாவது சனிக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில், டார்லா பள்ளிப் பேருந்துகளை நிறுத்திவைக்கும் நிலையத்துக்குப் போனாள். வீட்டிலிருந்து கூந்தல் உலர்த்தும் இயந்திரத்தையும் நீளமான மின்கம்பியையும் எடுத்துப் போயிருந்தாள். சூடு காட்டினால் ஒட்டுப்படம் தோலுரிவது போல உரியும் என்று பத்தொன்பது வருஷத்தில் தெரிந்துவைத்திருந்தாள். தொப்பியிலிருந்து ஆரம்பித்து, நெற்றி, மூக்கு, பல்வரிசை என்று மகளைப் பத்திரமாக உரித்துச் சுருட்டினாள். எழுத்துக்கு வரும்போது இயந்திரம் புகைந்து நின்றுபோயிற்று. ஆகவே பேருந்தில் வெறும் மஞ்சள் தகரமும், பக்கத்தில் 'நான் ஏற்கெனவே கல்லூரியில் இருக்கிறேன்!' என்ற வாசகமும் மிஞ்சின. நிலையத்துக் கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. டார்லா அதற்குக் கையசைத்துவிட்டு வந்தாள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. டார்லாவுக்கு அல்ல, ப்ரென்னாவுக்கு. அனுப்பியது மாணவர் ஒழுங்குத் துறை. அந்தத் துறையின் கணினி வேறு. பதிவுத் துறையின் கணினியோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை; அங்கே பின்னால் மாற்றியது எதுவும் இங்கே வந்து சேராது. விளம்பரப் படங்கள் அந்தந்த மாணவரின் எண்ணில்தான் அங்கே பதிவாகியிருக்கும். படம் கெட்டால் மாணவர்தான் பொறுப்பு.

ப்ரென்னா நின்றபடியே உரக்கப் படித்தாள். "மாணவி ப்ரென்னா குஸ்மா, எண் 40718. கல்லூரி உடைமையான தங்கள் முகம் சேதப்படுத்தப்பட்டுள்ளது. தாங்கள் கல்லூரியின் மாணவி என்ற முறையிலும், கீழ்க்கண்ட பாடத்தை முடித்தவர் என்ற முறையிலும் இதைவிடப் பொறுப்பாக நடந்திருக்க வேண்டும். முடித்த பாடம்: ஆங்கிலக் கட்டுரை. தரம்: ஏ."

அவள் படிப்பதை நிறுத்தினாள். டார்லா அடுப்பை அணைத்தாள்.

"திரும்பப் படி."

"தரம்: ஏ" என்று ப்ரென்னா மெதுவாகப் படித்தாள். "அப்புறம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் கண்டனம், தங்கள் பாட விவரங்களுடன், நிரந்தரப் பதிவேட்டில் இடம்பெறும், அதை எக்காரணத்தைக் கொண்டும் எவரும் அழிக்க இயலாது. சான்றிட்ட நகல் ஒன்று தாங்கள் சேரவிருக்கும் கல்லூரிக்கு அனுப்பி வைக்கப்படும். மறுத்தால் டாக்டர் ப்ரூட் தலைமையில் விசாரணை."

"உரிச்சது நான்டி. நான் போய் ஒத்துக்கறேன்" என்றாள் டார்லா.

"நீ அங்க மாணவி இல்லையேம்மா. உனக்குத் தண்டனை வாங்கற தகுதியே கிடையாது."

"செய்யாத குத்தத்தை நீ எதுக்கு ஒத்துக்கணும்?"

"அம்மா, செஞ்ச படிப்பை இல்லைன்னுட்டாங்க. செய்யாத குத்தத்துக்குத்தான் தாள் தராங்க. எது கிடைக்குதோ அதை வாங்கிக்கறேன்."

ஒப்புதல் படிவத்தைக் கல்லூரியின் ஏதாவது ஒரு வளாகத்தில், ஒரு பேராசிரியர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. திங்கட்கிழமை காலை 9:40க்கு ஹோஸ்டெட்லர் 114ஆம் அறை வாசலில் நின்று டை கட்டினார். ப்ரென்னா நாடாவைத் தாண்டினாள். டார்லா வராந்தாவில் நின்றாள், காலணி நுனி நாடாவில் இடிக்க.

"'தங்கள் செயலுக்கு வருந்துகிறீர்களா? ஆம், இல்லை.' அம்மா, என்ன போடறது?"

"எழுத்தையும் உரிக்காம விட்டுட்டேனேன்னு எனக்கு வருத்தம்தான். ஆம்னு போடு."

ப்ரென்னா போட்டாள். ஹோஸ்டெட்லர் சாட்சிக் கையெழுத்திட்டார். ஒருமுறை பேராசிரியராக. கை பழக்கத்தில் இன்னொரு முறை ஆசிரியராக.

நகல் ஜனவரி பதினெட்டாம் தேதி செவிலியர் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மூன்று வரியில் பதில்: ஆங்கிலம், முடித்தவர். ஒழுங்கு, ஒருமுறை கண்டிக்கப்பட்டவர். இடம், உறுதி. மற்ற இருபத்தொரு பிள்ளைகளின் வீடுகளுக்கும் டார்லா பேசினாள். பாவம், அவர்கள் முகம் எந்தப் பேருந்திலும் இல்லை, சேதப்படுத்த ஒன்றுமில்லை. அவர்களுடைய நாற்பத்து நாலு மணி நேரமும் பேச்சாகவே போயிற்று.

மார்ச் மாதம் டார்லாவின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. டாக்டர் ப்ரூட்டே பேசினார். குரலில் பூரிப்பு.

"மிசஸ் குஸ்மா, நம்ம ப்ரென்னாவுக்கு நர்சிங் சீட்டு உறுதியாயிடுச்சாமே! எங்க திட்டத்தோட மாபெரும் வெற்றி! பதினேழாம் நம்பர் பஸ்ல ஒரு முகம் காலியா இருக்கு. புதுப் படம் ஒண்ணு எடுத்து ஒட்டலாம்னு ஆசைப்படறோம். நம்ம மாணவி வீட்டுல இருக்காங்களா?"

ப்ரென்னா எதிரில் மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். டார்லா அவளைப் பார்த்தாள். குரலில் முடிந்தவரை தேனைக் குழைத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் சார். அப்படி ஒரு மாணவி இருக்காங்கன்னும் என்னால சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."